மணி யாருக்கு, போர்வை யாருக்கு? கலையில் மனிதரும் விலங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குச் சித்திர வகுப்பு நடத்துகிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வகுப்பறையைப் பூட்டிவிட்டு எல்லாரையும் வெளியே கூட்டிப்போவது வழக்கம். நூதனசாலை, கங்காராமை விகாரை, தெஹிவளை மிருகக்காட்சிசாலை, சில வேளை ஒரு கோயிலின் வாகனசாலை. போகும் இடமெல்லாம் நாங்கள் தேடுவது ஒன்றைத்தான்: மனிதர் விலங்கை எப்படி வரைந்தார்கள், எப்படிச் செதுக்கினார்கள், விலங்குக்கென்றும் விலங்கைக் கொண்டும் என்னென்ன செய்துவைத்தார்கள். பெற்றோரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் எழுதி விரல் தேய்ந்துவிட்டது.

மிருகம் எல்லாச் சித்திரப் புத்தகத்திலும் இருக்கிறதே. இதில் பேச என்ன இருக்கிறது?

மிருகத்தை வரைவது மனிதர் செய்த மிகப் பழைய வேலைகளில் ஒன்று. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் லியாங் கரம்புவாங் என்றொரு குகை. அங்கே ஒரு காட்டுப்பன்றியும் அதைச் சுற்றி மூன்று மனித உருவங்களும் உள்ள ஓவியம் இருக்கிறது. குறைந்தது 51,200 ஆண்டுகள் பழையது என்று 2024இல் அறிவித்தார்கள். பன்றி பெரிது, ஆட்கள் சின்னது. யாரைப் பெரிதாக வரைகிறோம், யார் யாரைப் பார்க்கிறார்கள், கயிறு யார் கையில் என்று பார்க்கத் தொடங்கினால் எந்தப் படமும் வேறு மாதிரித் தெரியும். "வடிவான யானை" என்று சொல்லிவிட்டு நகர முடியாது.

அப்புறம், இது படத்தோடு முடியவில்லை. கூண்டு, சேணம், மணி, வேலி, காசுத்தாள், கண்ணாடிக் கட்டடம் எல்லாமே யாரோ ஒருவர் யோசித்து வடிவமைத்தவை. அவர் யோசித்தபோது விலங்கு அவர் மனதில் இருந்ததா என்பதுதான் எங்கள் வகுப்பின் கேள்வி.

"இது பேகன் போர்வையா, எல்லாளன் மணியா?" என்று வகுப்பில் கேட்கிறீர்களாம். அது என்ன?

பேகன் கதை எல்லாருக்கும் தெரியும். கடையெழு வள்ளல்களில் ஒருவன். மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையை அதன்மேல் போர்த்தினான். நல்ல மனசு, சந்தேகமில்லை. ஆனால் இறகைப் போர்த்தி வளர்ந்த பறவைக்குப் போர்வை எதற்கு? அது ஆடிக்கொண்டிருந்திருக்கும். அவனுக்குக் குளிர்ந்தது, மயிலுக்கும் குளிரும் என்று முடிவுகட்டிவிட்டான்.

எல்லாளன் கதை வேறு மாதிரி. அநுராதபுரத்தை 44 ஆண்டுகள் ஆண்ட சோழன். தன் கட்டிலின் தலைமாட்டில் ஒரு மணியைக் கட்டி, நீதி வேண்டுபவர் இழுக்கட்டும் என்று நீண்ட கயிறொன்றை வெளியே விட்டிருந்தான் என்று இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் சொல்கிறது. அவன் மகனின் தேர்ச்சக்கரத்தில் ஒரு கன்று அகப்பட்டுச் செத்தது. தாய்ப்பசு வந்து கயிறை இழுத்தது. அரசன் அதே சக்கரத்தால் மகனின் தலையைத் துண்டிக்க வைத்தான். தமிழ்நாட்டில் இதே கதை திருவாரூரில் மனுநீதிச் சோழன் பெயரில் வழங்குகிறது.

தண்டனையைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். நான் பார்ப்பது அந்தக் கயிறை. மனுவும் மொழியும் இல்லாமல், வாசல்காவலனைத் தாண்டாமல், மாடு தன் வாயாலேயே இழுக்கக்கூடிய ஒரு பொருள். விலங்கு தானாகப் பயன்படுத்தும்படி செய்யப்பட்ட பொருள் ஒன்றைக் கதையில் வைத்திருப்பதே பெரிய விஷயம். போர்வையை மனிதன் கொடுத்தான், மயில் சும்மா நின்றது. மணியை மாடு அடித்தது, மனிதன் எழும்பி வந்தான்.

அதே மகாவம்சத்தில் ஒரு பறவையும் மணியடிக்கிறது, தன் குஞ்சைப் பாம்பு விழுங்கிவிட்டதென்று. அரசன் பாம்பைப் பிடித்து வரச்சொல்லி, வயிற்றைக் கீறிக் குஞ்சை எடுத்துவிட்டுப் பாம்பை மரத்தில் தொங்கவிட்டான். "பாம்பு மணியடித்திருந்தால்?" என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது. காவலாளிகள் கயிறுக்குப் பக்கத்திலேயே விட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கொழும்பில் இவற்றை எங்கே பார்க்கலாம்?

முதலில் உங்கள் சட்டைப்பையில். 2010 வரிசையைச் சேர்ந்த 20 ரூபாத் தாளை எடுத்துப் பாருங்கள். கொழும்புத் துறைமுகம் பெரிதாக இருக்கும், அதோடு ஒரு வண்ணத்துப்பூச்சியும் ஒரு சின்ன ஆந்தையும். செம்மண் நிறமான அந்த ஆந்தையைப் பறவையியலாளர் தீபால் வரகாகொட 1995இல் குரலாகத்தான் முதலில் கேட்டார். கண்ணால் கண்டது 2001இல். புதிய இனம் என்று பெயரிட்டது 2004இல். இலங்கையில் அதற்கு முன் புதிய பறவையொன்று பதிவானது 1868இல். அப்படிப்பட்ட ஆந்தை பஸ்ஸில் மிச்சக்காசாகக் கசங்கி வருகிறது. வகுப்பில் முப்பது பிள்ளைகளிடம் கேட்டேன், தாளில் என்ன பறவை என்று. துறைமுகத்தைக்கூட மூன்று பேர்தான் கவனித்திருந்தார்கள்.

இதற்கு முந்திய 1979 வரிசைத் தாள்களை வடிவமைத்தவர் ஓவியர் லக்கி சேனநாயக்க. அவை முழுக்க இலங்கையின் விலங்குகளும் செடிகளும். கந்தளம ஹோட்டலின் படிக்கட்டில் சிறகை விரித்து நிற்கும் பெரிய ஆந்தையும் அவர் செய்ததுதான். வீட்டில் தாத்தாவின் அலுமாரியில் அந்தப் பழைய தாள் ஒன்று கிடந்தால் பிள்ளைக்குக் காட்டுங்கள்.

அடுத்தது 1877இல் தொடங்கிய தேசிய நூதனசாலை, கறுவாத்தோட்டத்தில். பக்கத்திலேயே இயற்கை வரலாற்று நூதனசாலை. ஒன்றில் கல்லிலும் வெண்கலத்திலும் விலங்கு, மற்றதில் எலும்பும் தோலுமாக விலங்கு. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் பயன், நடந்தே போகலாம். சித்திரம் மட்டும் பார்க்க விரும்பினால் பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் மன்றத்துக்குப் போங்கள். 1943இல் தொடங்கிய '43 குழு' ஓவியர்களின் படங்கள் ஒரு பழைய வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. கூட்டமும் இருக்காது.

சந்திரவட்டக்கல்லில் மாடு ஏன் காணாமல் போனது?

பெரிய பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்துக்காகக் கேட்பது. விகாரை வாசற்படிக்குக் கீழே கிடக்கும் அரைவட்டக் கல்தான் சந்திரவட்டக்கல். அநுராதபுரக் காலத்துக் கல்லில் யானை, குதிரை, சிங்கம், எருது நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். உள்ளே அன்னங்கள், நடுவில் தாமரை. பொலனறுவைக் காலத்தில் எருது இல்லை. சோழராட்சிக்குப் பிறகு இந்துக்கள் நந்தியாக வணங்கும் எருதை மிதிக்கக்கூடாது என்று விட்டுவிட்டார்கள் என்பது வழக்கமான விளக்கம். எனக்கு அதில் பிடித்தது, மாற்றத்துக்குக் காரணம் கண் அல்ல, கால். பார்ப்பதற்கு எருது அழகாகத்தான் இருந்தது. அதன்மேல் பாதம் படும் என்றபோதுதான் பிரச்சினை வந்தது. யானைக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை, பிள்ளையார் இருந்தும்.

இலங்கையில் சிங்கமே இல்லையே, பிறகு ஏன் எங்கும் சிங்கம்?

கொடியில், நாணயத்தில், கோயில் வாகனத்தில் எல்லாம் சிங்கம், காட்டில் மட்டும் இல்லை. குருவிட்டையில் கிடைத்த பற்களை வைத்து, வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தில் இங்கே சிங்கம் இருந்தது என்று 1939இல் எழுதியவர் பி. ஈ. பி. தெரணியகல. அவர் தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்தவர். அவருடைய தம்பி ஜஸ்டின் தெரணியகல, '43 குழு' ஓவியர். ஒரே வீட்டில் ஒருவர் எலும்பைத் தோண்ட, மற்றவர் தூரிகை பிடித்திருக்கிறார். இந்தச் சோடியைப் பற்றி எவ்வளவு கதைத்தாலும் எனக்கு அலுக்காது.

காணாத மிருகத்தை வரைவது எங்கும் நடந்திருக்கிறது. 1515இல் குஜராத்திலிருந்து லிஸ்பனுக்குக் காண்டாமிருகம் ஒன்று கப்பலில் போனது. ஜெர்மனியில் இருந்த ஓவியர் ட்யூரர் அதைப் பார்க்கவேயில்லை. யாரோ எழுதிய விவரத்தையும் கீறிய படத்தையும் வைத்து மரக்கட்டையில் அச்சுப்படம் செய்தார். உடம்பெல்லாம் இரும்புக் கவசத் தகடு, முதுகில் இல்லாத ஒரு கொம்பு. ஐரோப்பா இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அதைத்தான் காண்டாமிருகம் என்று நம்பியது. எங்கள் யாளி இதைவிட நேர்மையானது. உண்மையான மிருகம் என்று அது சொல்லிக்கொள்ளவில்லை.

பெரஹராவில் யானைக்கு உடுப்புப் போடுவது கலையா, கொடுமையா?

இந்தக் கேள்வியைப் பெற்றோர் மெதுவான குரலில்தான் கேட்பார்கள். கங்காராமை விகாரையின் ஊர்வலமான நவம் பெரஹரா 1979இலிருந்து பெப்ரவரிப் போயாவை, அதாவது பௌர்ணமியை, ஒட்டி நடக்கிறது. நெற்றியிலிருந்து பாதம்வரை தொங்கும் துணியும் அதில் தைத்த வேலைப்பாடும் இருட்டில் மின்குமிழ் வெளிச்சத்தில் வரும்போது, துணிக்கலை என்ற அளவில் இந்த நகரத்தில் அதற்கு இணை குறைவு. இதை மறைக்க மாட்டேன். நானே வேலியோரம் நின்று கீறியிருக்கிறேன்.

ஆனால் 2019இல் கண்டிப் பெரஹராவில் நடந்த திக்கிரி என்ற யானையின் படங்களை மறக்கவும் முடியாது. எழுபது வயதுக் கிழவி. உடுப்போடு பார்த்தால் மற்ற யானைகளைப் போலத்தான். உடுப்பைக் கழற்றிய படத்தில் விலா எலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம். அடுத்த மாதமே செத்துப்போனது. பேகன் போர்த்தியது மயிலுக்குக் குளிராதிருக்க. இங்கே போர்வை, பார்ப்பவர் கண்ணுக்கு எலும்பு தெரியாதிருக்க. உடுப்பைத் தைத்தவரின் கைவேலையையும் அதன் உள்ளே நடந்த கிழவியையும் ஒரே நேரத்தில் பாருங்கள். ஒன்றைப் பார்க்க மற்றதை மறக்க வேண்டியதில்லை.

மிருகக்காட்சிசாலைக் கூண்டும் வடிவமைப்பா?

வடிவமைப்பின் வெற்றியும் தோல்வியும் அங்கேதான் பச்சையாகத் தெரியும், அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

தெஹிவளை மிருகக்காட்சிசாலை ஜோன் ஹாகன்பெக் என்ற ஜெர்மன்காரர் தொடங்கியது. 1936இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அவருடைய அண்ணன் கார்ல் ஹாகன்பெக், மிருக வியாபாரி. கம்பிக்குப் பதில் அகழி வெட்டி, செயற்கைப் பாறை கட்டி, சிங்கமும் மானும் ஒரே வெளியில் நிற்பதுபோலக் காட்டிய முதல் பூங்காவை 1907இல் ஹம்பேர்க்கில் திறந்தவர் அவர்தான். இன்று உலகெங்கும் பல மிருகக்காட்சிசாலைகள் அந்த முறையில்தான் கட்டப்படுகின்றன. கம்பி போனது மிருகத்துக்கு நல்லதுதான், ஆனால் முதலில் நிம்மதியடைந்தவர் பார்வையாளர். சிறை தெரியவில்லை அல்லவா?

அதே கார்ல், 1880களில் இலங்கையிலிருந்து யானைகளோடு ஆட்களையும் கூட்டிப்போய் ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு வைத்தார். மனிதரும் மிருகமும் ஒரே வேலிக்குள், டிக்கெட் வாங்கியவர் வெளியே. தெஹிவளைக்குப் போகும் நாளில் இதை பஸ்ஸிலேயே சொல்லிவிடுவேன். உள்ளே போனதும் பிள்ளைகள் சத்தம் போடாமல் நடப்பார்கள்.

இன்னொரு கதை லண்டனில். 1934இல் லூபெட்கின் என்ற கட்டடக்கலைஞர் பென்குயின்களுக்காக ஒரு குளம் கட்டினார். ஒன்றையொன்று சுற்றி இறங்கும் மெல்லிய கொங்கிரீட் சாய்தளங்கள், வெள்ளை வெளேரென்று. கட்டடக்கலைப் புத்தகங்களில் அந்தப் படம் வராமல் இருக்காது. பென்குயினுக்கோ கொங்கிரீட்டில் நடந்து பாதம் புண்ணாகியது. 2004இல் அவற்றை வேறு குளத்துக்கு மாற்றினார்கள். கட்டடம் மட்டும் பாதுகாக்கப்பட்ட சின்னமாக வெறுமையாக நிற்கிறது.

என்னுடைய சின்ன வயதில் தெஹிவளையில் பின்னேரம் யானை நடனம் நடக்கும். முன்வரிசையில் இருந்து கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

நாங்கள் பிடிக்கும் பிரஷ், பூசும் நிறம் எல்லாம் எதிலிருந்து வருகிறது?

கடையில் "கேமல் ஹெயார்" என்று விற்கும் பிரஷில் ஒட்டக முடி இல்லை. பெரும்பாலும் அணில், ஆடு அல்லது மட்டக்குதிரை முடி. எண்ணெய்ச் சாயத்துக்கான விறைப்பான வெள்ளை பிரஷ் பன்றிமுடி. செபியா என்ற பழுப்பு முன்பு கணவாய் மையிலிருந்து எடுத்தது. எலும்பைக் கரித்துச் செய்யும் கறுப்பு இன்றும் உண்டு. சைவச் சாப்பாட்டுக்காரப் பெற்றோர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு நைலோன் பிரஷ் வாங்கிவந்தார். நைலோன் பிரஷும் நன்றாகவே கீறும். இப்போது நானும் அதைத்தான் பாவிக்கிறேன்.

தந்தம்தான் இதில் கனமான விஷயம். கோட்டே அரசன் ஏழாம் புவனேகபாகு 1541இல் லிஸ்பனுக்குத் தூது அனுப்பினான். தன் பேரன் தர்மபாலனின் தங்கச்சிலைக்குப் போர்த்துக்கேய அரசன் முடிசூட்ட வேண்டும் என்பது நோக்கம். அந்தக் காட்சியைச் செதுக்கிய தந்தப் பேழை இன்று ஜெர்மனியின் மியூனிக்கில் இருக்கிறது. இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போகக்கூடிய கோட்டேயில் செய்த வேலைப்பாடு. உற்றுப் பார்த்தால் நூலிழையளவு கூட விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். அதில் அரசியல் இருக்கிறது, பக்தி இருக்கிறது, கடல் கடந்த ஆசை இருக்கிறது. தந்தம் கொடுத்த யானை மட்டும் எந்தக் குறிப்பிலும் இல்லை.

உயிருள்ள மிருகத்தையே கண்காட்சியில் வைப்பார்களாமே?

வைத்திருக்கிறார்கள். 1969இல் ரோமில் கூனெல்லிஸ் என்ற கலைஞர் பன்னிரண்டு குதிரைகளை ஓவியக்கூடத்தில் கட்டிவைத்தார். 1974இல் பொய்ஸ் என்ற ஜெர்மன் கலைஞர் நியூயோர்க்கில் கொயோட்டே என்ற ஓநாய்ச் சாதி விலங்கோடு ஒரே அறையில் மூன்று நாட்கள் பகல் பகலாக இருந்தார். கொயோட்டே அவர் போர்த்தியிருந்த கம்பளியைக் கடித்து இழுத்தது. பேகன் கதை தலைகீழாக நடந்த ஒரே இடம் என்று வகுப்பில் சிரிப்போம். ஹேர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் கலைஞர் 1991இல் செத்த சுறாவை மருந்துத் தண்ணீரில் மிதக்கவிட்டார். அது அழுகத் தொடங்க, பிறகு வேறொரு சுறாவைப் போட்டார்கள். இரண்டாவது சுறாவை எனக்கு ஏற்க முடியவில்லை.

யானை படம் கீறுமா? குரங்கு?

தாய்லாந்தில் பூக்கீறும் யானை வீடியோவை எல்லாரும் அனுப்புகிறார்கள். பக்கத்தில் நிற்கும் பாகனின் கை யானையின் காதில் இருப்பதைப் பாருங்கள். காதை இழுக்கும் திசைக்குத் தும்பிக்கை அசைகிறது. அது பாகனின் படம். 1950களில் லண்டனில் கொங்கோ என்ற சிம்பன்சி ஏறக்குறைய நானூறு படங்கள் கீறியது. யாரும் கையைப் பிடிக்கவில்லை. முடியும் முன் தாளைப் பறித்தால் கோபம் வருமாம். பிக்காசோ ஒன்றை வைத்திருந்தார்.

2011இல் ஒரு குரங்கு தன்னைத்தானே படமெடுத்துக்கொண்டதும், அந்தப் படம் யாருக்குச் சொந்தம் என்று அமெரிக்க நீதிமன்றம்வரை போனதும் நினைவிருக்கும். மிருகம் பதிப்புரிமை கேட்டு வழக்குப் போட முடியாது என்று 2018இல் தீர்ப்பு. அந்தக் குரங்கும் சுலவேசிதான். பன்றியோவியம் இருக்கும் அதே தீவு.

என் பிள்ளை நாய்க்குச் சிரித்த வாய் கீறுகிறது. திருத்தலாமா?

வேண்டாம். கீழே இறங்கி உங்கள் ஒழுங்கையில் படுத்திருக்கும் கட்டாக்காலி நாயைப் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள், தொடாமல். என் மாணவி ஒருத்தி அப்படிப் பார்த்துவிட்டு வந்து நாயின் ஒரு காதில் சின்ன வெட்டு இருக்கிறது என்றாள். கருத்தடை செய்த நாய்க்கு இடும் அடையாளம் அது. அடுத்த படத்தில் வாய் இன்னும் சிரித்தது, காதில் வெட்டும் வந்திருந்தது. எனக்கு அது போதும்.

தொடர்மாடியில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் இதில் என்ன இருக்கிறது?

நிறைய. தைப்பொங்கலுக்கு வாசலில் போடும் கோலம் அரிசிமாவாக இருந்தால் எறும்புக்குச் சாப்பாடு, ஸ்டிக்கராக இருந்தால் எறும்புக்கு ஒன்றுமில்லை. ஜன்னல் கண்ணாடியில் பறவை மோதினால், பருந்துப் படம் ஒன்றை ஒட்டுவதில் பலனில்லை. கண்ணாடியின் வெளிப்பக்கம் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் புள்ளிகள் வேண்டும். அந்த இடைவெளிக்குள் நுழைய முடியாது என்று பறவை கணக்குப்போடுகிறது. புள்ளிக்கோலம் தெரிந்த வீட்டில் இது அரை நாள் வேலை.

காகம்தான் பெரிய பிரச்சினை என்பீர்கள். எங்கள் தொடர்மாடியிலும் அதே கதை. அம்மா காலையில் பல்கனிச் சுவரில் காகத்துக்குச் சோறு வைப்பார். கீழ்வீட்டுக்காரர் எச்சம் விழுகிறது என்று முறையிட்டார். நிர்வாகக் குழு கூடிக் கதைத்துச் சுவர் முழுக்க ஊசிக்கம்பி அடித்தது. அம்மா சோற்றைக் குளிரூட்டியின் வெளிப்பெட்டிமேல் வைக்கத் தொடங்கினார். காகம் அங்கே வந்தது.

ஊசிக்கம்பியைப் பற்றி ஒரு செய்தி. பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப்பில் காக்கைக் குடும்பத்துப் பறவையொன்று, பறவைகளை விரட்ட அடித்திருந்த ஊசிகளைப் பிடுங்கித் தன் கூட்டைக் கட்டியிருந்ததை 2023இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். ஏறக்குறைய 1,500 ஊசிகள். முனைகள் வெளிப்பக்கம் பார்க்க, முட்டையைத் திருட வருபவரை விரட்டுவதற்கு. இதை நிர்வாகக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. கீழ்வீட்டுக்காரர் மட்டும் ஒரு சிரிப்புமுகம் அனுப்பினார்.